என் பேரில் அம்மா வைத்த நேர்ச்சை

நான் மைதானத்தில் இறங்கிய ஒவ்வொரு முறையும் என் அம்மா மாதா கோயிலில் முழங்காலில் நடந்தாள். இதைக் கேட்கிறவர்கள் உடனே உருகிப்போய், "பெத்த மனசு பாருங்க" என்பார்கள். பெற்ற மனசுதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மனசோடு ஒரே கூரைக்குக் கீழே குடியிருந்தவன் நான். அதை நிறுத்தப் பார்த்து வருஷக்கணக்கில் தோற்றவனும் நான்தான். நான் தோற்ற ஆட்டங்களை எல்லாம் ஊர் மறந்துவிட்டது, எனக்கே பாதி ஞாபகமில்லை. இந்தத் தோல்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் வீடு திண்டுக்கல்லில், கோயிலுக்கும் பந்து மைதானத்துக்கும் நடுவில் ஒரு சந்தில் இருந்தது. அப்பா கிராமத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா சுருட்டுக் கம்பெனிக்குப் புகையிலைக் காம்பு கிழிக்கப் போனாள். வீட்டில் நானும் ஒரு தங்கையும். தங்கைக்குப் படிப்பு வந்தது, எனக்குப் பந்து வந்தது. எனக்கு வந்ததை அம்மா ஒரு வியாதி மாதிரிதான் பார்த்தாள்.

அப்போதெல்லாம் கால்பந்து வெறுங்காலோடுதான் ஆடுவோம். மைதானம் என்று பெயரே தவிர, செம்மண்ணும் சரளையும்தான். மேற்கே தோல் பதனிடுகிற ஷாப்புகள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் வெளியூர் டீம்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஆடுவார்கள். எங்களுக்கு அந்த நாற்றம் பழகியது. எங்கள் டீமில் பேக், அதாவது கோலுக்கு முன்னால் தடுப்பு, ஆடியவன் தோல் வியாபாரக் குடும்பத்துப் பையன், ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. "நம்ம ஊரு காத்து நம்ம டீமுக்குப் பன்னெண்டாவது ஆளு மாப்ளே" என்பான். அவனும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவனைப் பற்றிப் பின்னால் இன்னும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஐம்பதுகளின் நடுவில், வெளியூரில் ஒரு ஆட்டத்தில் என் வலது முட்டி போயிற்று. எதிர் டீம் பேக் பூட்ஸ் போட்டிருந்தான். நான் பந்தைத் தட்டிவிட்டுத் திரும்பினேன், பந்தைத் தட்ட வந்த அவன் கால் என் முட்டியைத் தட்டிவிட்டது. ஜட்கா வண்டியில் போட்டு, பிறகு பஸ்ஸில் போட்டு, என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கட்டுப் போடுகிற வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் வைத்துக் கட்டினார். மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த கன்னியாஸ்திரி டாக்டர், கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு வைத்தியரைத் திட்டினார். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னது ஒன்றுதான்: நடக்கலாம், நொண்டித்தான் நடக்க வேண்டியிருக்கும்.

மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தேன். அம்மா கம்பெனிக்குப் போகும் வழியில் கோயிலுக்குப் போவாள், திரும்பும்போதும் போவாள். கோயில் வளாகத்தின் கோடியில் மாதா கெபி இருக்கிறது, கல்லால் குகை மாதிரி கட்டி உள்ளே மாதா சுரூபம் வைத்தது. அங்கே என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. முட்டி மட்டும் மெல்ல வற்றியது. ஒரு நாள் மடக்க முடிந்தது. ஒரு நாள் சந்து முனைவரை நொண்டாமல் நடந்தேன். கன்னியாஸ்திரி டாக்டர் காலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்பவே முடியலை" என்றார். நான் யாருக்கும் தெரியாமல் மைதானத்துக்குப் போய்ப் பந்தை உதைத்துப் பார்த்தேன். வலி இல்லை. அன்று நான் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் நூல் மில்லில் டீம் கட்டினார்கள். மில்லில் விளையாட்டைக் கவனித்துக்கொண்ட அதிகாரி எங்கள் சந்துக்கே தேடி வந்துவிட்டார். சென்டர் பார்வர்டு ஆட வேண்டும், பெயர் மில் ஆள் கணக்கில் இருக்கும், மாதச் சம்பளம் உண்டு. காலையில் கொஞ்ச நேரம் மெஷின் பக்கம் நின்றால் போதும், பிறகு மைதானம்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்:

"அய்யா கோவிச்சுக்கக் கூடாது. இவன் இனிமே பந்து தொட மாட்டான். காலு நல்லாயிட்டா பந்த விட்டுருவான்னு மாதாகிட்ட நேந்துருக்கேன்."

அதிகாரிக்கு அந்தச் செய்தி தெரிந்த அதே நிமிஷத்தில்தான் எனக்கும் தெரிந்தது. அவர் காபியைக் குடிக்கலாமா கூடாதா என்று புரியாமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு நான் கத்தினேன்.

"யாரக் கேட்டு நேந்த?"

"யாரக் கேக்கணும்? காலு ஒன்னோடது. புள்ள என்னோடது."

"அப்ப நொண்டியாவே இருந்துருப்பேன்ல!"

"நேந்ததுனாலதான்டா அப்பு நொண்டாம நிக்கிற."

கால் நன்றாக இருப்பதே ஆடக் கூடாது என்பதற்குச் சாட்சி என்கிறாள். வாதாடி ஜெயிக்கிற இடமா அது? தங்கை அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கப் போகிறாள், டீச்சர் டிரெய்னிங்குக்குப் போக ஆசை. அம்மா கிழிக்கிற புகையிலைக் காம்பில் அது நடக்காது. அது அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் பிடியை விடவில்லை.

பங்குச் சாமியாரிடம் அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். பெரியவர், நிதானமான மனுஷர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மாவிடம்தான் பேசினார். "ஒருத்தர் பேரில் இன்னொருத்தர் நேர்ந்தால் அது அவரைக் கட்டாதம்மா. நேர்ந்தது நீங்க. கட்டுப்பட்டதும் நீங்கதான். அந்த நேர்ச்சையை நான் மாத்தித் தர்றேன். இவன் ஆடுற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு செபமாலை சொல்லுங்க. அது போதும்."

"சரிங்க சாமி" என்றாள் அம்மா. எனக்கு உயிர் வந்தது. வெளியே வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டே, "சாமி நல்ல மனுசரு. பாவம், எளகுன மனசு" என்றாள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. அடுத்த வாரமே மில்லில் சேர்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களைப் பற்றி ஊரில் பழைய ஆட்கள் இப்போதும் பேசுவார்கள். நான் என்னைப் பற்றிப் பெருமையடித்தால் நன்றாக இருக்காது, ஆனால் அடிக்காமலும் இருக்க முடியவில்லை. டோர்னமென்ட் வந்தால் மைதானத்தைச் சுற்றித் தட்டி கட்டி டிக்கெட் போடுவார்கள். டிக்கெட் வாங்காதவர்கள் புளியமரத்தில் ஏறுவார்கள். பழநிப் பக்கம் ஆயக்குடியிலிருந்து கூடை வியாபாரிகள் கொய்யாப்பழம் கொண்டுவந்து அங்கே விற்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சலூனில் எனக்குக் காத்திருக்கிற வேலை கிடையாது, முகத்தில் சோப்புப் போட்ட ஆளை அப்படியே எழுப்பிவிட்டு என்னை உட்காரவைப்பார் சலூன்காரர். போட்டோ ஸ்டுடியோவின் கண்ணாடிப் பெட்டியில் கல்யாண ஜோடிகளுக்கு நடுவில் நான் கப்போடு நின்றேன். பஸ் கண்டக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அடுத்த ஆட்டத்துக்கு யாரைப் போட வேண்டும் என்று யோசனை சொல்லிக்கொண்டே வருவார், டிக்கெட் கிழிக்க மறந்துவிட்டு. தங்கை டிரெய்னிங்கில் சேர்ந்தாள். அம்மாவைக் கம்பெனிக்குப் போக வேண்டாம் என்று நிறுத்தினேன். பூட்ஸ் போட்டு ஆடப் பழகினேன். எல்லாம் நம் காலில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் நடை மாறியதை நான் கவனிக்கவே இல்லை. வயசாகிறது என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் துணி துவைத்தவள் கல்லுக்குப் பக்கத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை கைத்தாங்கலாகத் தூக்கியபோது சேலை கொஞ்சம் விலகியது. முட்டி இரண்டும் கன்றிப்போய், தோல் தடித்து, ஓரத்தில் பழைய புண்ணும் புதுப் புண்ணுமாக இருந்தது. அடிபட்ட ஆட்டக்காரன் முட்டி எனக்குத் தெரியும். இது அதைவிட மோசம்.

"என்னாச்சு அம்மாவுக்கு?" என்று தங்கையைத் தனியாகக் கேட்டேன்.

"ஏண்ணே, ஒனக்கு நெசமாவே தெரியாதா?" என்றாள். ஆட்டம் இருக்கிற நாளெல்லாம் அம்மா கோயில் வாசலிலிருந்து கெபி வரைக்கும் முழங்காலிலேயே போகிறாளாம், செபமாலை சொல்லிக்கொண்டே. வாசலுக்கும் கெபிக்கும் நடுவில் முழுக்கச் சரளை. ஆரம்பத்திலிருந்தே இதுதான். என்னிடம் சொல்லக் கூடாது என்று தங்கையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

அம்மாவிடம் போய் நின்றேன். "சாமியாரு செபமால போதும்னுதான சொன்னாரு?"

"சாமியாரு சொன்னாரு. மாதா சொன்னாளா? காலு வாங்கிக் குடுத்தது அவ. அவளுக்குச் செபமால மட்டும் சொல்லி ஏமாத்தச் சொல்றியா?"

"அப்ப நான் ஆடல. நிறுத்திர்றேன்."

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். உள்ளே தங்கை டிரெய்னிங் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். "நிறுத்திட்டு?" என்று கேட்டாள் அம்மா. அவ்வளவுதான். நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். "நீ ஆடு அப்பு. அது ஒன் பாடு. இது என் பாடு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

மில் அதிகாரியிடம் கேட்டுப் பார்த்தேன். ஆடாமல் மெஷின் வேலை மட்டும் தாருங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. "மெஷின் வேலை உனக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டார். தெரியாது. கற்றுக்கொள்ள யார் விட்டார்கள்? நான் மெஷின் பக்கம் கை நீட்டினால் ஆட்கள், "விரல்ல பட்டுறப் போகுதுண்ணே, நீங்க உக்காருங்க" என்று ஸ்டூல் எடுத்துப் போடுவார்கள். ஆட்டத்தை விட்டால் எனக்கு பேல் கோடவுனில் பஞ்சுப் பொதி தூக்குகிற வேலைதான் மிச்சம், சம்பளமும் பாதியாகிவிடும். தங்கை முடிக்கிற வரைக்கும் ஆடித்தான் ஆக வேண்டும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சரி, ஆட்டம் இருப்பதைச் சொல்லாமல் மறைத்தால் என்ன? மறைத்தேன். மில்லில் ஓவர்டைம், ஒட்டன்சத்திரத்தில் ஒரு சிநேகிதனுக்குக் கல்யாணம், இப்படி ஏதாவது சொல்லிவிட்டுப் பையில் பூட்ஸை ஒளித்து எடுத்துக்கொண்டு போனேன். என்ன பிரயோஜனம்? நான் வீடு திரும்புமுன்பே ஊர் திரும்பிவிடும். பால்காரம்மா வாசலிலேயே நின்று, "அக்கா, ஒங்க மகன் ரெண்டு கோலு போட்டாராம்ல, சீனி எங்க?" என்பாள். சலூன்காரர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து, எந்தக் காலால் எப்படி அடித்தேன் என்று அம்மாவுக்கு முன்னால் காலைத் தூக்கிக் காட்டுவார். அம்மா எல்லோருக்கும் உள்ளங்கையில் சீனி போட்டு அனுப்பிவிட்டு, செபமாலையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவாள். என்னைப் பிடித்தவர்கள்தான் என் அம்மாவை அங்கே அனுப்பினார்கள். பிடிக்காதவர்கள் ஊரில் இன்னும் கொஞ்சம் பேர் இருந்திருக்கலாம் என்று நான் ஏங்கியதுண்டு.

இந்தக் கொடுமையை யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. எங்கள் பேக்கிடம் சொன்னேன். மைதானத்து ஓரத்தில் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டவன் கண் கலங்கிவிட்டான். "யா அல்லா. அம்மா முட்டியிலயா நம்ம ஆடிக்கிட்டு இருக்கோம்?" என்றான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பங்குச் சாமியாரைப் பார்த்தோம். சாமியார் அம்மாவைக் கூப்பிட்டனுப்பி, முதல் முறையாகக் கடுமையாகப் பேசினார். "இனி முழங்காலில் போகக் கூடாது. இது என் உத்தரவு" என்றார். சாமியார் உத்தரவென்றால் அம்மாவால் மீற முடியாது. நிறுத்தினாள். கெபிக்கு நடந்தே போய்ச் செபமாலை சொன்னாள். புண் ஆறத் தொடங்கியது. எனக்கு ராஜ்யமே கிடைத்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஆட்டங்களில் நாங்கள் தோற்றோம்.

காரணம் கேட்டால் நூறு சொல்லலாம். கோல் கீப்பருக்குக் கைவிரல் பிசகியிருந்தது. எதிர் டீமில் பெரிய ஆட்களை மதராஸிலிருந்து இறக்கியிருந்தார்கள். நான் ஒரு பெனால்டியைக் கோல் கம்பத்துக்கு மேலே அடித்தேன், அது என் தலையெழுத்து. ஆனால் எங்கள் பேக் இருக்கிறானே, அவன் அம்மாவின் கதையை மனசு தாங்காமல் டோர்னமென்ட் கமிட்டியில் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தான். இரக்கப்பட்டுத்தான் சொன்னான், சத்தியமாக. கேட்டவர்களும் அன்றைக்கு இரக்கப்பட்டார்கள். தோற்றதும் இரக்கம் கணக்காக மாறிவிட்டது. அம்மா முழங்காலில் போன வரைக்கும் ஜெயித்தோம், நிறுத்தியதும் தோற்றோம். இதைவிட வேறென்ன வேண்டும் ஊருக்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுத்த டோர்னமென்டின் முதல் ஆட்டத்தன்று, கமிட்டிக்காரர்கள் எங்கள் வாசலில் ஒரு ஜட்கா வண்டியோடு வந்து நின்றார்கள். இந்து, முஸ்லிம், வேதக்காரர் எல்லாரும் இருந்தார்கள். பெரிய கடை முதலாளி ஒருவர் அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, செத்த நேரம் வந்துட்டுப் போயிருங்க. ஊரு மானம் ஒங்க கையில இருக்கு" என்றார். என் அம்மாவை அதுவரை யாரும் அப்படிக் கும்பிட்டதில்லை. சுருட்டுக் கம்பெனியில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தவள். "சாமியாரு கூடாதுன்னுட்டாருய்யா" என்றாள். அவர்கள் சாமியாரையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். பழைய சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார், புதிதாக வந்திருந்த இளஞ்சாமியார், "பக்தியை நான் எப்படித் தடுப்பது?" என்று சொல்லிவிட்டாராம்.

நான் அப்போது மைதானத்தில் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியும். ஜெயித்திருந்தோம், நான்தான் கோல் போட்டேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கெபி முன்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள், அவளுக்கும் மாலை போட்டிருந்தார்கள்.

அதற்கு மேல் என் கையில் எதுவும் இல்லை. அம்மாவுக்கு வலிக்கக் கூடாது என்று கமிட்டிக்காரர்கள் குடகனாற்று மணலை மாட்டு வண்டியில் கொண்டுவந்து கோயில் வாசலிலிருந்து கெபி வரைக்கும் கொட்டினார்கள். ஜமக்காளம் விரிக்கிறோம் என்றார்கள். "ஜமக்காளத்துல போனா அது நேர்ச்சையா, இல்ல கல்யாண ஊர்கோலமா?" என்று அம்மா மறுத்துவிட்டாள். மணலையும் ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சரளையில்தான் போவாளாம். நான் கமிட்டிக்காரர்களோடு சண்டை போட்டேன். "ஒங்க அம்மாவ நாங்க எப்படித் தாங்குறோம் பாருங்க தம்பி" என்று அவர்கள் உருகினார்கள். என் கோபம் அவர்களுக்கு அடக்கமாகத் தெரிந்தது. ஊரே அன்பாக இருந்தால் ஒருவன் யாரை அடிப்பான்?

அம்மாவும் மாறிப்போனாள். பந்தை வியாதியாகப் பார்த்தவள், "இன்னைக்கு எந்த ஊருக்காரன் கூட?" என்று கேட்க ஆரம்பித்தாள். "அவன் பேக்கு எப்படி, முரடனா?" என்பாள். அதற்குத் தகுந்த மாதிரி செபமாலையைக் கூட்டுவாளோ என்னவோ. நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அம்மா தட்டில் இன்னொரு கரண்டி வெஞ்சனத்தை வைப்பாள்.

தங்கை டிரெய்னிங் முடித்து, வேலை கிடைத்து, ஒட்டன்சத்திரம் பக்கம் வாக்கப்பட்டுப் போனாள். கல்யாணம் முடிந்த கையோடு நான் அம்மாவை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அதே கன்னியாஸ்திரி டாக்டர், கண்ணாடி மட்டும் தடித்திருந்தது. அம்மாவின் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தார். "இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனால் படுக்கைதான். உன் காலுக்கு இவங்க காலைக் கொடுத்திருக்காங்க" என்றார். அவர் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதனால் இன்னும் தாங்க முடியவில்லை.

அந்த வாரமே ஆட்டத்தை விட்டேன். எனக்கு அப்போது முப்பது ஆகவில்லை. கால் நன்றாக இருந்தது, இதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. முட்டி போய் நின்றவர்கள் உண்டு, வயசாகி நின்றவர்கள் உண்டு. நான் ஓடுகிற காலோடு நின்றேன். மில் அதிகாரி மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டு என்னை பேல் கோடவுனுக்கு அனுப்பினார். காரணத்தைக் கேட்டவர்களிடமெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். "அம்மா முட்டிக்காகவா? அம்மா முட்டியாலதானய்யா நீ ஆடுனதே!" என்று சிரித்தார்கள். மதுரை டீம்காரனிடம் காசுக்குக் கை நீட்டிவிட்டான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. சலூனில் நான் போய் நின்றால், சலூன்காரர் வேலையிலிருந்து தலையைத் தூக்காமல், "செத்த பொறுங்க, ரெண்டு பேரு இருக்காங்க" என்றார். ஸ்டுடியோ கண்ணாடிப் பெட்டியில் என் படம் இருந்த இடத்தில் ஒரு குழந்தையின் மொட்டைத் தலைப் படம் வந்தது. இதெல்லாம் வலித்தது. பஞ்சுப் பொதி தூக்கும்போது தூசியில் இருமுவேன், மூன்று மணி சங்கு ஊதினால் கால் தானாக மைதானத்துப் பக்கம் திரும்பும். திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அம்மா காலாவது பிழைத்ததே என்பதுதான் என் ஒரே ஆறுதல்.

அம்மாவிடம் சொன்னபோது, "நெசமாவா?" என்று மட்டும் கேட்டாள். "நெசந்தாம்மா. இனிமே நீ மண்டி போட வேணாம்." அவள் ராத்திரிக்கு என்ன சமைக்க என்று கேட்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ளாவிட்டால் நான் என்ன ஆவது?

மில் டீமில் என் சென்டர் பார்வர்டு இடத்துக்குச் சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு புது ஆளைப் பிடித்துப் போட்டார்கள். நான் பார்க்கப் போகவில்லை. நல்ல வேகம், இடது கால் என்று கேள்விப்பட்டேன். அந்த வருஷம் கோடைக்கால டோர்னமென்ட் பைனலுக்கு வந்துவிட்டார்கள். பைனல் அன்று ஞாயிறு. மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் பாயில் சாய்ந்திருந்தேன். வாசலில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஜட்கா வண்டி, கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர், அவர்களோடு எங்கள் பேக், ஆட்ட உடுப்போடு.

நான் எழுந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். என்னென்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை, சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "உங்க ஆட்டத்துக்கு உங்க அம்மாவக் கூட்டிட்டுப் போங்கடா" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. கமிட்டிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். பேக் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னான்.

"மாப்ளே, கோவிச்சுக்காத. நாங்களா வரல. அம்மாதான் வண்டி கொண்டாரச் சொல்லி ஆளு விட்டாங்க."

திரும்பிப் பார்த்தேன். அம்மா வெளுத்த சேலையை உடுத்தி, தலை வாரி, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தாள்.

"எங்கம்மா போற? நான் ஆடலையேம்மா. நான் இங்கதானே நிக்கிறேன்."

"தெரியுது."

"அப்புறம் யாருக்கு?"

"அந்தப் பயலுக்குத் தாய் இல்லையாம்டா. காலுக்கு ஒண்ணுன்னா யாரு இருக்கா?"

"ஒனக்காகத்தானம்மா நான் நிறுத்துனேன். ஒன் முட்டிக்காகத்தான நிறுத்துனேன்."

அம்மா என் கன்னத்தைத் தொட்டாள். இரக்கமாகத்தான் தொட்டாள். "வழிய விடு அப்பு, நாலு மணிக்கு ஆட்டம்" என்றாள்.

ஜட்கா வண்டிப் படி உயரம். அம்மா ஒரு காலைத் தூக்கி வைத்தாள், முட்டி மடங்கவில்லை. இன்னொரு காலை முயன்றாள். கமிட்டிக்காரர்கள் கை கொடுக்கலாமா என்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் தொடவில்லை. அம்மா படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நான்தான் போய்க் குனிந்து, இரண்டு கையாலும் அவளைத் தூக்கி வண்டிக்குள் உட்காரவைத்தேன்.

முன்னால் இருந்த வண்டிக்காரர் திரும்பாமலே, "சென்டர் பார்வர்டு அம்மா ஏறியாச்சா?" என்று கேட்டார்.

"ஏறியாச்சு" என்று சொன்னேன்.